மைசூரில் ஒரு சிறு கடல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பாடுவோர் உண்டு. நாடகம் நடிப்போரும் உண்டு. மீன் தொட்டியைப் பற்றிப் பேச எவரும் இதுவரை வந்ததில்லை. எனினும், எங்கள் வீட்டு முன்கூடத்தில் உள்ள உப்புநீர்த் தொட்டியைக் காண நம் குடியிருப்பின் குழந்தைகள் நாள்தோறும் வருவதும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறத் தெரியாமல் நாங்கள் விழிப்பதும் செயற்குழுவினர் செவிக்கு எட்டிவிட்டன. "வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை மேடையில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்" என்று பணித்தார்கள். அப்பணியை ஏற்று வந்திருக்கிறோம். நாங்கள் என்று சொல்வது எங்கள் குடும்பத்தை மட்டும் அன்று. அத்தொட்டியைச் சுமந்து வந்தவர்கள், அதற்குக் கல் வார்த்தவர்கள், ஓர் இரவு முழுவதும் அதற்காகக் கண்விழித்தவர்கள் பலரும் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சார்பிலும் பேசுகிறோம்.

கடலுக்கும் மைசூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. நெய்தல் நிலத்தை நம் பிள்ளைகள் பாடநூலில்தான் படிக்கிறார்கள். ஆயினும் நம் வீட்டுக் குழாயில் வருவது காவிரி நீரும் கபினி நீரும் ஆகும். கிருஷ்ணராஜ சாகரத்தில் தங்கிய காவிரி, மேட்டூரில் மீண்டும் தேங்கி, திருவரங்கத்தை வலம் வந்து, பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. நம் முன்னோர் அவ்வாற்றின் வழியே மேல்நோக்கி வந்து இந்நாட்டில் குடியேறினார்கள். ஆறோ கீழ்நோக்கி நம் பழைய ஊர்களுக்குச் செல்கிறது. கடலைத் தேடிச் செல்லும் அந்நீரில் சில குடங்களை இங்கேயே நிறுத்திக் கடலாக்கிப் பார்த்தோம். அதில் பெற்ற இன்பமும், பட்ட துன்பமும், கற்ற பாடமுமே இன்றைய பேச்சு.

கண்ணாடிக்குள் கடலை வைக்கும் ஆசை புதியதன்று. 1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆன் தைன் என்னும் அம்மையார் டார்க்கி என்ற கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள கல்பவளங்கள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். கொண்டு வந்த கடல்நீரோ சிறிது. மீண்டும் கொணர்வதோ எளிதன்று. நீர் கெடாதிருக்க என்ன செய்தார் தெரியுமா? தம் பணிப்பெண்ணைத் திறந்த சன்னலருகே நிறுத்தி, நாள்தோறும் அரைமணிக்கு மேல் அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் வீடுகளில் காப்பியை ஆற்றுவது போலத்தான்! காற்று நீரில் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. அவ்வம்மையாரின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஆற்றி ஆற்றிக் கை நொந்த பணிப்பெண்ணின் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை. இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவோம்.

1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் எழுதிய நூல் ஆங்கில நாடெங்கும் இவ்வாசையைப் பரப்பியது. நம் தமிழ் நாட்டிலும் இதற்கு மூத்த வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. 1961-இல், சகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் தம் வீட்டுத் தொட்டிகளைப் பற்றி எழுதினார். பெரிய கருவி ஒன்றும் இன்றி, கடலிலிருந்து எடுத்த, உயிரினங்கள் ஒட்டி வாழும் கற்களையும், சிறிது காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு மீன்களையும் பவளங்களையும் அவர் வளர்த்தார். நீரைத் தூய்மையாக்குவது கருவி அன்று, கல்லில் வாழும் கண்காணா உயிர்களே என்பதை உலகிற்கு உணர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

பவளம் என்றவுடன் நம் தாய்மார்களுக்கு நகை நினைவுக்கு வரும். மாலையில் கோக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. பழங்காலம் முதலே வாணிகத்தால் நம்மிடம் வந்தது. நாம் இன்று பேசும் பவளப்பாறை வேறு. பவளப்பூச்சி என்று வழங்கும் சிற்றுயிர், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கான கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்து பாறையாகின்றன. அவ்வுயிரின் உடலுக்குள்ளே நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி உணவு சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகத் தருகிறது. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் இவ்வுறவு முறிந்து பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுத்துப் போகிறது. சூடு தணியாது நீடித்தால் பட்டினியால் மடிகிறது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றாலே போதும்.

இனி எங்கள் தொட்டிக்கு வருவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி அமைப்பது என்று முடிவு செய்தோம். பெரிதாக எதற்கு, சிறிதாகத் தொடங்கலாகாதா என்று பலர் கேட்டனர். சிறு குவளை நீர் விரைவில் சூடேறும், விரைவில் கெடும். பெரும் நீர்நிலை எதையும் மெல்லத் தாங்கும். பிழை செய்வோர்க்குப் பெரிய தொட்டியே நல்லது.

ஆனால் பெரியதற்குப் பெரிய எடை உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு, இரண்டு, இரண்டு பெருக்கினால் 24 கன அடி. அது 680 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 600 லிட்டர் நீர் நிற்கும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். கல், மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் பன்னிரண்டு சதுர அடித் தரையில் நிற்க வேண்டும். வீட்டு மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்கென்று வகுப்பது வழக்கம். இத்தொட்டியோ 800 கிலோ சுமத்துகிறது. நம் குடியிருப்புப் பொறியாளர் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, "மாடியில் வைத்தால் கீழ்வீட்டார் மீன்களை நேரில் சந்திப்பார்கள்" என்றார். ஆகவே தரைத்தளத்தில், வெயில் நேரே படாத சுவரோரம் இடம் ஒதுக்கினோம். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிவந்து வைத்தார்கள்.

அடுத்தது நீர். கடல்நீர் என்பது உப்புக் கரைத்த நீர்தானே, அரிசிக் கடையில் கல்லுப்பு வாங்கிக் கரைத்தால் ஆகாதா என்று நாங்களும் முதலில் எண்ணியதுண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் அண்ணாச்சி அவ்வெண்ணத்தைத் திருத்தினார். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் சிப்சமும் படிந்து விடுகின்றன. அதன்பின் வேறு பாத்தியில் நாம் உண்ணும் உப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை இறுதியில் வடித்து அகற்றுகிறார்கள். "உப்பு என்பது கடலில் ஒரு பங்குதான், தம்பி. மீதியை அளத்திலேயே விட்டுவிட்டுத்தான் மூட்டை கட்டுகிறோம்" என்றார் அவர். உண்மை. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவில் உப்புகள் உள்ளன. அவற்றுள் குளோரைடும் சோடியமும் நூற்றுக்கு 85 பங்கு. மீதியில் சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன அடங்கும். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மக்னீசியம் அதைப்போல் மூன்று மடங்கு. இவ்வளவுகளில் கலந்து விற்கும் கடலுப்புக் கலவை உண்டு. எங்கள் தொட்டிக்கு 22 கிலோ தேவைப்பட்டது.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. அதிலுள்ள குளோரின் உயிர்களைக் கொல்லும். பிற கரைபொருள்கள் வேண்டாத பாசியை வளர்க்கும். ஆகவே ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரையே பயன்படுத்தினோம். உப்பைக் கலந்து ஒரு நாள் சுழலவிட்டு, அடர்த்தி 1.025 வந்ததா என்று ஹைட்ரோமீட்டரால் பார்த்தோம். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பங்குனி, சித்திரையில் மைசூர்க் காற்று வறண்டு, நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கிறது. குறைந்ததை ஈடுசெய்ய உப்புநீர் ஊற்றினால் தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும். நன்னீரையே ஊற்ற வேண்டும்.

பின் கற்கள். லீ சின் எங் செய்தது போலக் கடலிலிருந்து கல் எடுக்க நாங்கள் விரும்பவில்லை. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வோம். வெள்ளைச் சிமெண்டு, நொறுக்கிய கிளிஞ்சல், பெரிய கல்லுப்பு மூன்றையும் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்தோம். இறுகியபின் நீரில் ஊறவைத்தால் கல்லுப்புக் கரைந்து வெளியேறி, கல் முழுவதும் துளைகள் உண்டாகின்றன. சிமெண்டின் காரம் நீங்க இரண்டு மாதம் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். கோடை விடுமுறையில் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் இவ்வேலையைச் செய்தனர். தம் பெயரின் முதலெழுத்தைக் கல்லடியில் கீறி வைத்தவர்களும் உண்டு. அக்கற்கள் இன்றும் உள்ளேதான் இருக்கின்றன.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. இனித்தான் எங்கள் பிழை வருகிறது. நீர் பளிங்கு போல் தெளிந்திருந்தது. பிள்ளைகள் நாள்தோறும் "மீன் எப்போது வரும்?" என்று கேட்டார்கள். ஒன்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல் நான்கு நீல மீன்களை வாங்கி விட்டோம். மறுநாள் அவை நீர்ப்பரப்பில் வாய் திறந்து தவித்தன. மூன்றாம் நாள் மூன்று மடிந்தன. எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அவற்றை மாதுளைச் செடியடியில் புதைத்துவிட்டு இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

நடந்தது என்ன? மீன் விடும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது; அதுவும் தீங்கானதே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக்குகிறது. இது ஓரளவு பொறுக்கத்தக்கது. இவ்விரு வகை நுண்ணுயிர்களும் கல்லின் துளைகளிலும் மணலிலும் பெருகிக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலில் உறைமோர் விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் தயிர் எங்கே என்று கேட்பவர் உண்டா? நாங்கள் கேட்டோம். தெளிந்த நீர் என்பது தூய நீர் அன்று என்று அறிய மூன்று உயிர்கள் விலையாயின. பிழைத்த ஒன்றை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓர் இறால் துண்டை மட்டும் உள்ளே இட்டு, சோதனைக் குழாயில் நீரின் நிறம் பார்த்துக்கொண்டே ஏழு வாரம் காத்திருந்தோம். வெறும் கற்களைக் காட்டி "எங்கள் மீன் தொட்டி" என்று விருந்தினரிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றிய இரக்கம் இன்றும் மறக்கவில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று கண்டபின்னரே மீன் வந்தது. ஒரே நாளில் அன்று. மாதத்திற்கு இரண்டாக வந்தது.

கருவிகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. நீரை ஓயாது சுழற்றும் பம்புகள் வேண்டும். பாறைக் கடலில் நீர் ஒருபோதும் உறங்குவதில்லை. நுண்குமிழிகளால் நீரிலுள்ள கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் கருவி ஒன்று உண்டு, ஸ்கிம்மர் என்பர். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு மேலே நுரைத்து வருவதை எடுப்பது போன்றது அது. இரு வாரத்திற்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம். வெப்பம் 25 முதல் 27 பாகை வரை இருக்க வேண்டும். சென்னையில் இதற்குக் குளிர்விக்கும் இயந்திரம் தேவைப்படும்; மைசூரின் தட்பவெப்பம் எங்களுக்கு அச்செலவைப் பெரும்பாலும் மிச்சப்படுத்தியது. மொத்தச் செலவு ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலையைத் தாண்டிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், மின்கட்டணம் தனி.

மின்சாரத்தைச் சொன்னவுடன் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. சித்திரை மாதத்து இடிமழை. இரவு ஒன்பது மணிக்கு மின்மாற்றி பழுதாகித் தெரு முழுவதும் இருண்டது. பம்பு நின்றால் நீரில் உயிர்க்காற்றுக் குறையும். மீனும் மூச்சுத் திணறும், கல்லில் வாழும் நுண்ணுயிரும் மடியத் தொடங்கும். நாங்கள் வைத்திருந்த யு.பி.எஸ். இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தது. மெழுகுவர்த்தி ஒளியில் செய்வதறியாது நின்றபோது, நூலில் படித்த அந்தப் பணிப்பெண் நினைவுக்கு வந்தாள். ஒரு செம்பை எடுத்து, தொட்டி நீரை முகந்து, கையை உயர்த்தி, மெல்ல ஊற்றத் தொடங்கினோம். அரைமணியில் தோள் வலித்தது. வெளிச்சம் தெரிந்து வந்த பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர் செம்பை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகன்; அவனுக்குப் பின் எதிர்வீட்டு இளைஞர்கள். அந்த வீட்டு அஜ்ஜி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, யார் முறை என்று கணக்கு வைத்தார். விடியற்காலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. ஒரு மீனும் மடியவில்லை. பின்னர்ப் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்புகள் இரண்டு வாங்கி வைத்தோம். ஆனால் நம் தெருவில் உள்ளவர் ஒருவரையொருவர் உண்மையில் அறிந்தது அந்த இரவில்தான்.

இனி இன்றைய பேச்சின் சாரமான செய்திக்கு வருகிறோம்.

தொட்டி நிலைபெற்ற ஓர் ஆண்டுக்குப்பின், மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் நீர், நீருக்குள் மான்கொம்பு போல் கிளைத்த ஒரு கொத்து, உயிருள்ள கல்பவளம். "இராமேசுவரம் பக்கத்துச் சரக்கு. இது இல்லாமல் உங்கள் தொட்டி நிறைவு பெறாது" என்றார். உண்மையைச் சொல்கிறோம்: எங்கள் மனம் தடுமாறியது. பழுப்பு நிறக் கிளைகளின் நுனி மட்டும் இளநீலமாய் ஒளிர்ந்தது. எங்கள் சிமெண்டுக் கற்கள் அதன்முன் ஏழைகளாய்த் தோன்றின. ஒரு சிறு கொத்துத்தானே, கடலுக்கு என்ன குறைந்துவிடும் என்ற எண்ணமும் வந்தது.

அவ்வேளையில் அண்ணாச்சி அங்கே இருந்தார். பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் சொன்னோம், தம்பி. ஒரு வள்ளம் கல்தானே, கடலுக்கு என்ன குறையும் என்று" என்றார். பிறகு அவர் சொன்ன செய்தி நம் பிள்ளைகள் அறிய வேண்டியது.

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பாறைகளில் 117 இனக் கல்பவளங்களை அறிஞர்கள் கணக்கெடுத்துள்ளனர். தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் இப்பவளக் கற்களைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாய்க் கரை சேர்த்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் தீவின் மணலை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. 1986-இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல் எடுப்பது 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரே நின்றது. அதற்குள் வேறு துன்பம் தொடங்கிவிட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மூழ்கும் நிலையில் இருந்த வான் தீவைக் காக்க இன்று செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைக் கல்பலகைகளில் கட்டிக் கடலடியில் நாற்று நடுவது போல நட்டு வருகிறார்கள். ஒருபுறம் மூழ்கி மூழ்கி நடுகிறார்கள். மறுபுறம் பையில் போட்டு விற்கிறார்கள்.

சட்டமும் தெளிவாக உள்ளது. 2001-ஆம் ஆண்டில் நம் கடலின் கல்பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அந்தச் சிறு கொத்துக்கும் உண்டு. எடுப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். செத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். நாங்கள் கடற்கல்லைத் தேடாமல் சிமெண்டுக் கல் வார்த்ததன் காரணம் இதுவே.

ஆனால் அன்று எங்களைத் தடுத்தது சட்டம் மட்டும் அன்று. முன்பு சொன்ன காஸ் என்னும் அறிஞரை நினைத்தோம். அவருடைய நூலைப் படித்த ஆர்வலர் கூட்டம் கூட்டமாய்க் கடற்கரை சென்று, பாறைக் குட்டைகளிலிருந்த உயிர்களையெல்லாம் அள்ளி வந்தார்கள். தந்தையின் எழுத்தால் அழகிய கரைகள் வெறுமையாயின என்று அவர் மகனே 1907-இல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதினார். கடலை நேசித்தவர்களே கடலை வெறுமையாக்கினார்கள். பகைவர் செய்யும் கேட்டுக்குக் காவல் போடலாம். அன்பர் செய்யும் கேட்டுக்கு யார் காவல்?

பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வனத்துறைக்குத் தெரிவித்தீர்களா என்று கேட்பீர்கள். அன்று தெரிவிக்கவில்லை. தெரிந்த மனிதர், பிழைப்புக்கு வந்தவர் என்று வாளாவிருந்துவிட்டோம். அவர் அதை வேறொரு வீட்டில் விற்றிருப்பார். அக்கொத்து அங்கே மடிந்திருக்கும். பவளம் நம் தொட்டிக்கு வரவில்லை என்ற நிறைவோடு அது கடலுக்கும் திரும்பவில்லை என்ற குறையும் எங்களிடம் இருக்கிறது.

அப்படியானால் வீட்டில் கடல் வைக்கலாகாதா? வைக்கலாம், கடலைக் கொள்ளையிடாமல் வைக்கலாம். இதற்கு வழி காட்டுவதும் நம் மண்டபமே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் மக்களைத் தங்கவைத்த முகாம் இருந்த அதே மண்டபம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் மண்டல நிலையம் இன்றும் அங்கே உள்ளது. கோமாளி மீன் முதலிய அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை இந்நிலையத்தார் வகுத்துள்ளனர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையத்திலும் இப்பணி நடந்துள்ளது. இலட்சத்தீவின் அகத்தியில் தீவுப் பெண்களே அழகு இறால்களை வளர்த்து விற்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

எங்கள் தொட்டியில் இன்று வாழும் கோமாளி மீன் இணை, பொரிப்பகத்தில் பிறந்ததே. கடலையே காணாத கடல் மீன்கள்! தமிழ் நாட்டைக் காணாமலே தமிழ் பேசும் நம் பேரப்பிள்ளைகளைப் போல என்று எங்கள் வீட்டுப் பாட்டி சொல்வார். இம்மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. முட்டையிட்டபின் ஏறத்தாழ ஒரு வாரம் ஆண் மீன் அருகிருந்து துடுப்பால் விசிறிக் காக்கிறது. தந்தைமார்கள் வந்து பார்க்க வேண்டிய காட்சி! உடன் நீல மீன்கள் நான்கும், பாசி மேயும் நத்தைகள் சிலவும் உள்ளன. பவளம் இல்லாமையால் வலிய விளக்கு வேண்டுவதில்லை, மின்செலவும் குறைவு. பிள்ளைகள் வார்த்த சிமெண்டுக் கற்களின்மேல் செவ்வூதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி தானே படர்ந்திருக்கிறது. நத்தைகளோடு ஒட்டி வந்த வித்து அது. மூன்றாம் ஆண்டில் அக்கற்களைக் கண்ட ஒருவர் "இந்தப் பாறையை எந்தக் கடலில் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். நம் குடியிருப்பின் மொட்டைமாடிக் கடல் என்று விடை சொன்னோம்.

தொட்டி வைக்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். விற்பவரிடம் மீன் பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் விற்பவர் மாறுவர். கல்பவளம், கடல்விசிறி, கடற்குதிரை எவர் தந்தாலும் ஏற்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். செப்புக் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நத்தையும் இறாலும் மடியும். வளர்த்த உயிரைச் சலித்துப்போய் ஏரியிலோ கடலிலோ விடாதீர்கள். கடைசியாக, அவசரப்படாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள மீன் காட்சியகத்தைக் காட்டுங்கள். தம் மூதாதையர் கடல் எத்தகையது என்று அவர்கள் கண்ணால் காணட்டும்.

அறுநூறு லிட்டர் நீரை மூன்று ஆண்டுகள் நலமாய் வைத்திருக்க எத்தனை கைகள், எத்தனை கணக்கு, எத்தனை பொறுமை வேண்டியிருந்தது என்று சொன்னோம். இவ்வளவையும் கூலியின்றி, மின்சாரமின்றி, எண்ணற்ற ஆண்டுகளாகச் செய்துவரும் கடலின் அருமை எங்களுக்கு இத்தொட்டியால்தான் விளங்கிற்று. தன் வீட்டுக் கண்ணாடியை அழகுபடுத்த அதன் ஒரு கிளையை ஒடிக்கலாகாது என்பதே நாங்கள் கற்ற பாடம்.

நீரை நமக்குத் தந்து, அண்டை அயலாரையும் உறவாகத் தந்த இக்கன்னட நாட்டுக்கு நன்றி.  குழந்தைகளே, நாளை மாலை ஐந்து மணிக்கு மீனுக்கு உணவிடும் நேரம், வாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்! வணக்கம்.